காலணிக்குள் இல்லாத கல்

கடந்த ஆண்டு குறுக்கோட்டப் பயிற்சியின்போது எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி மூன்று முறை திடலோரத்தில் உட்கார்ந்து வலது காலணியைக் கழற்றி உதறினாள். மூன்று முறையும் உள்ளேயிருந்து எதுவும் விழவில்லை. காலுறையையும் திருப்பிப் பார்த்தாள். "கல்லு இருக்கிற மாதிரியே இருக்கு சார். ஆனா கல்லைக் காணோம்" என்றாள்.

அவள் படிவம் மூன்று. மாவட்டத் தேர்வோட்டத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. நான்காவது முறை அவள் உட்கார்ந்தபோது நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கல்லை எனக்குத் தெரியும். என் இருபத்திரண்டாவது வயதில் எட்டு மாதம் அதை மிதித்துக்கொண்டு திரிந்தவன் நான்.

ஓடுகிற மாணவர்கள் பலர் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். காலுறை சுருண்டு கிடக்கிற மாதிரி இருக்கிறது, விரலுக்கு அடியில் ஏதோ உருள்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள். அதையும் நண்பர்களிடம்தான் சொல்வார்கள். பயிற்றுநரிடம் சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவாரோ என்று பயம். மாணவர்களே, இந்த வாரம் அந்த இல்லாத கல்லைத்தான் தேடப் போகிறோம்.

காலைத் தூக்கி மடியில் வையுங்கள்

வலது காலை இடது தொடைமேல் போட்டு உள்ளங்காலைப் பாருங்கள். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டுக்கும் சேர்த்து 52. உடம்பில் மொத்தம் 206 என்று படித்திருப்பீர்கள். ஆக, கால்வாசி எலும்புகள் காலடியில்தான் இருக்கின்றன.

விரல்களை மேலும் கீழும் மடக்குங்கள். விரல் எங்கே மடங்குகிறதோ, அதற்கு நேர் கீழே உள்ளங்காலில் கட்டைவிரலால் அழுத்துங்கள். கெட்டியான ஒரு மேடு தட்டுப்படும். பாதத்தின் நடுவிலிருந்து விரல்களை நோக்கி மெட்டாடார்சல் என்ற ஐந்து நீள எலும்புகள் ஓடுகின்றன. நீங்கள் தொட்டது அவற்றுள் ஒன்றின் தலை. குதிகாலைத் தூக்கி நின்றால் உங்கள் எடை இந்த ஐந்து தலைகள்மேலும் விரல்கள்மேலும்தான் நிற்கிறது.

ஒவ்வொரு தலைக்கும் அடியில் ஒரு சிறிய, கெட்டியான தட்டு உண்டு. மருத்துவர்கள் இதை பிளாண்டர் பிளேட் என்பார்கள். நாம் அடித்தட்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் விரலின் அடித்தட்டு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீளம், சில மில்லிமீட்டர் தடிப்பு. ஒரு இருபது சென் காசை வைத்து மறைத்துவிடலாம். அதன் இரண்டு பக்கத்திலும் எலும்போடு எலும்பைக் கட்டும் நார்கள் இருக்கின்றன. பாடநூலில் லிகமெண்ட் என்று வருவது இதுதான். இந்தக் கட்டுரையில் இணைப்பு நார் என்று எழுதுகிறேன்.

அடித்தட்டுக்கு இரண்டு வேலை. மிதிக்கும்போது எலும்பின் தலைக்கு மெத்தையாக இருக்க வேண்டும். உந்தி எழும்பும்போது விரல் அளவுக்கு மீறி மேலே மடங்காமல் பிடித்து இழுக்கவும் வேண்டும். மெத்தை நசுங்குவதைத் தாங்கும், கயிறு இழுபடுவதைத் தாங்கும். இரண்டையும் இந்த ஒரே தட்டு செய்கிறது.

இதை நீங்களே பார்க்கலாம். வெறுங்காலோடு நேராக நில்லுங்கள். தம்பியையோ தங்கையையோ கூப்பிட்டு உங்கள் பெருவிரலை மட்டும் மெதுவாக மேலே தூக்கச் சொல்லுங்கள். பாதத்தின் உட்பக்க வளைவு தானாகவே உயர்வதைக் கவனியுங்கள். குதிகாலிலிருந்து வரும் ஓர் அகன்ற நார்ப்பட்டை, அடித்தட்டுகளின் வழியாக விரல்களில் போய்ச் சேர்கிறது. விரல் மேலே மடங்கும்போது, கிணற்று உருளையில் கயிறு சுற்றுவதுபோல அந்தப் பட்டை இழுபட்டுப் பாதம் விறைப்பாகிறது. 1954-ஆம் ஆண்டில் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார். விறைத்த பாதத்தால்தான் நன்றாக உந்த முடியும். அப்படி நீங்கள் உந்தும் ஒவ்வொரு முறையும் அந்தச் சிறு தட்டுகள் இழுபடுகின்றன.

மெட்டி விரலுக்கு ஏன் இந்தப் பாடு?

ஐந்து தட்டுகளில் அதிகமாகப் பாதிக்கப்படுவது இரண்டாம் விரலின் தட்டு. நம் வீட்டுப் பெண்கள் மெட்டி அணியும் விரல்தான். காரணம் அதன் நீள எலும்பு. பெரும்பாலோருக்கு ஐந்தில் அதுவே நீளம். அதோடு அதன் பின்முனை, பக்கத்து எலும்புகளுக்கு நடுவில் ஆப்பு அடித்ததுபோல இறுகியிருக்கிறது. மற்ற நீள எலும்புகள் சுமை வரும்போது கொஞ்சம் அசைந்து கொடுக்கும். இதனால் அது முடியாது. வரிசையில் உயரமாகவும் அசையாமலும் நிற்பவன் தலையில் பந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா?

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். உங்கள் பொருண்மை 50 கிலோகிராம் என்றால் எடை ஏறக்குறைய 500 நியூட்டன். மெதுவோட்டத்தில் பாதம் தரையில் இருக்கும்போது தரை திருப்பித் தரும் விசை, எடையைப்போல 2 முதல் 3 மடங்கு வரை போகும். நடுவில் 2.5 என்று வைத்தால் 1,250 நியூட்டன். பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் பன்னிரண்டரையை ஒற்றைக் காலில் ஏற்றியதற்குச் சமம். ஓர் அடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் 5 கிலோமீட்டர் ஓட 5,000 அடி. ஒரு காலுக்கு 2,500 முறை அந்த மூட்டைகள் ஏறி இறங்குகின்றன. மேடு ஏறினாலும் ஸ்பைக் காலணி போட்டாலும் குதிகாலின் பங்கு குறைந்து முன்பாதத்தின் பங்கு கூடும். கெண்டைக்கால் தசை இறுகியிருந்தால் குதிகால் சீக்கிரமே தூக்கப்பட்டு, அப்போதும் பாரம் முன்னால்தான் வரும்.

ஆரோக்கியமான தட்டு இதையெல்லாம் தாங்கும். அதற்காகவே அது இருக்கிறது. வாரம் இருமுறை ஓடிக்கொண்டிருந்தவர், தேர்வு நெருங்குகிறது என்று திடீரென்று வாரம் ஆறு நாள் ஓடத் தொடங்கும்போதுதான் சிக்கல். என் மாணவி செய்ததும் அதுதான். பள்ளிப் பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனதும், செம்பனைத் தோட்டத்து மண்மேட்டில் தனியாக இன்னொரு சுற்று. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நரம்பு அல்ல, நார்

நம் வீடுகளில் உடம்புக்குள் கயிறு மாதிரி எது இருந்தாலும் அதற்கு நரம்பு என்றுதான் பெயர். "நரம்பு பிசகிடுச்சு", "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்பார்கள். நரம்பு மின்குறிப்புகளைக் கடத்துவது. தசையை எலும்போடு சேர்ப்பது தசைநாண். எலும்பை எலும்போடு சேர்ப்பது இணைப்பு நார். மூன்றும் வேறு வேறு. இது வெறும் பெயர்ச் சண்டை என்று நினைக்க வேண்டாம். பிசகியது என்று நினைத்தால் இழுத்துச் சரிசெய்யத் தோன்றும். கிழிந்தது என்று தெரிந்தால் இழுக்கத் துணிவோமா?

என் கதை இங்கேதான் கெட்டது. பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது 5,000 மீட்டர் ஓடுவேன். இரண்டாம் விரலுக்கு அடியில் கல் உருள ஆரம்பித்தது. விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது சுளுக்கு எடுக்கும் பெரியவர் ஒருவரிடம் காலைக் கொடுத்தேன். தைலம் தடவி நீவி, கடைசியில் விரலைப் பிடித்து ஓர் இழுப்பு. 'டக்' என்று சொடக்கு விழுந்தது. அன்று இரவு காலே லேசாக இருந்தது. நீவிவிட்ட சுகமும் தைலத்தின் சூடும் வலியை மறைத்திருந்தன. கீழே தட்டு அப்படியேதான் இருந்தது, ஒருவேளை இன்னும் கொஞ்சம் கிழிந்து. மறுவாரம் வலிமாத்திரை போட்டுக்கொண்டு போட்டியில் ஓடினேன். கடைசிச் சுற்றில் விரலுக்கு அடியில் ஏதோ அறுந்ததுபோல இருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, எப்போது கூடுகிறது என்று அவர் கேட்டதற்கெல்லாம் "சும்மா சுளுக்குத்தான்" என்று சொன்னது நான்தான். இன்றும் நான் வெறுங்காலோடு நின்றால் அந்த விரலின் நுனி தரையைத் தொடுவதில்லை.

அதனால் முன்பாதத்தில் வலி இருக்கும்போது விரலை இழுத்துச் சொடக்கு எடுக்காதீர்கள். எடுத்துவிடவும் யாரையும் விடாதீர்கள்.

வேறு யாராகவும் இருக்கலாம்

முன்பாதத்தில் வலி என்றாலே அடித்தட்டுதான் என்று முடிவு கட்டிவிட முடியாது. பெருவிரலின் மூட்டு வேகமாகப் பின்னோக்கி வளைந்து அதன் நார்கள் இழுபட்டால் அதற்கு டர்ஃப் டோ என்று பெயர். டர்ஃப் என்றால் புல்தரை. செயற்கைப் புல்தரையில் ஆடிய அமெரிக்கக் கால்பந்து வீரர்களைக் கவனித்து, 1976-இல் இரண்டு ஆய்வாளர்கள் வைத்த பெயர் அது. செயற்கைப் புல்லில் காலணி வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னே போகும். மாலை நேரத்தில் ஃபுட்சால் ஆடப் போகிறவர்களுக்கு இது புரியும்.

இன்னொன்று சற்றே பின்னால், பாதத்தின் நடுவில். அங்குள்ள லிஸ்ஃப்ராங்க் இணைப்பு நாருக்கு, நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஜாக் லிஸ்ஃப்ராங்கின் பெயர். அவர் காலத்தில் அந்த மூட்டில் அடிபட்டு அழுகிப்போன பாதங்களை அந்த இடத்திலேயே வெட்டி எடுத்தார்கள். இன்று அவ்வளவு பயம் வேண்டாம், ஆனால் இது அறிகுறியைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய காயம். குழியில் கால் மடங்கி விழுந்தபின் உள்ளங்காலின் நடுவில் நீலம் பாரித்தால், அல்லது காலை ஊன்றவே முடியாவிட்டால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

நீள எலும்பிலேயே மயிரிழை விரிசல் விழலாம். பிரஷ்ய நாட்டுப் படைவீரர்கள் நீண்ட தூரம் நடந்து நடந்து கால் வீங்கியதை 1855-இல் ஒரு படை மருத்துவர் எழுதி வைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-இல்தான். அதன் பிறகே அந்த வீக்கத்தின் காரணம் விரிசல் என்று கண்டார்கள். இதில் வலி பெரும்பாலும் பாதத்தின் மேற்புறத்தில், எலும்பின்மேல் ஒரே புள்ளியில் இருக்கும்.

உங்கள் வயதுக்கென்றே ஒன்று உண்டு. பெரியவர்களின் காயத்தையும் உங்கள் காயத்தையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்பது இதனால்தான். நீங்கள் இன்னும் வளர்கிறீர்கள். எலும்பு முனைகளின் அருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தகடுகள் இருக்கின்றன. அவை அருகிலுள்ள இணைப்பு நாரைவிட வலு குறைந்தவை. பெரியவருக்கு நார் கிழியும் அதே அடியில், உங்களுக்குத் தகடு விலகலாம். பதின்ம வயதில், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, இரண்டாம் நீள எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் குறைந்து அது தட்டையாகும் நோயும் உண்டு. 1914-இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர் ஃப்ரைபெர்க்கின் பெயராலேயே அதைக் குறிப்பிடுகிறார்கள். வலிக்கும் இடமும் அந்தக் கல் உணர்வும் கிட்டத்தட்ட அடித்தட்டுக் காயத்தைப் போலவே இருக்கும். ஆகவே, "அக்காவுக்கு இதே மாதிரி வந்துச்சு, தானா போயிடுச்சு" என்பதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மருத்துவரிடம் என்ன சொல்வது?

என் மாணவியின் அப்பா அவளை கிளினிக்குக்கு அழைத்துப் போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை. மறுநாள் அவள் சிரித்துக்கொண்டே வந்து, "எக்ஸ்ரே கிளியர் சார், ஓடலாம்" என்றாள்.

இங்கே அறிவியல் தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்ரே கதிர்களை அதிகம் தடுப்பது எலும்பில் உள்ள கால்சியம். அதனால்தான் எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. நாரில் அப்படித் தடுக்க எதுவும் இல்லை, கதிர்கள் கடந்து போய்விடும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் எலும்பில் முறிவு தெரியவில்லை என்பது மட்டுமே பொருள். புதிதாக விழுந்த மயிரிழை விரிசல்கூட முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். நாரைப் பார்க்க அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும். அதற்கும் முன்னால் மருத்துவர் தம் கையாலேயே பார்ப்பார். ஒரு கையால் நீள எலும்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் விரலை நேராக மேல்நோக்கித் தூக்குவார். தட்டு உறுதியாக இருந்தால் விரல் அதிகம் நகராது. கிழிந்திருந்தால் இழுப்பறை திறப்பதுபோல மேலே வரும். இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

வீட்டில் பார்க்கக்கூடியவை வேறு. இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து நின்று கீழே பாருங்கள். ஒரு காலில் மட்டும் இரண்டாம் விரலுக்கும் மூன்றாம் விரலுக்கும் நடுவே இடைவெளி விரிந்திருக்கிறதா? இரண்டாம் விரல் பெருவிரல் பக்கம் சாய்கிறதா, நுனி தரையைத் தொடாமல் இருக்கிறதா? விரலின் நுனிக்கு அடியில் ஒரு தாள் துண்டை வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் அதை மெதுவாக இழுக்கட்டும். நல்ல காலில் தாள் சிக்கிக்கொண்டு, வலிக்கும் காலில் சுலபமாக உருவி வந்தால் அந்த விரல் தரையைப் பிடிக்கும் வலுவை இழந்திருக்கிறது. இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல. ஆனால் "கால் வலிக்குது டாக்டர்" என்பதைவிட, "இரண்டாம் விரலுக்கு அடியில், மூன்று வாரமாக, உந்தும்போது, வெறுங்காலில் அதிகம்; விரல் தரையைத் தொடவில்லை" என்று சொன்னால் மருத்துவர் தேடும் இடம் மாறும்.

அவள் அப்படித்தான் மறுபடி போய்ச் சொன்னாள். அல்ட்ராசவுண்டில் அடித்தட்டில் பாதிக் கிழிசல் தெரிந்தது. மாவட்டத் தேர்வு போயிற்று. அன்று அவள் அழுததை நான் மறைக்கப் போவதில்லை. எனக்கும் ஆறுதல் சொல்லத் தெரியவில்லை.

மூன்று புரிக் கயிறு

வலி நின்ற பிறகும் ஏன் காத்திருக்க வேண்டும்? இதற்குப் பதில் நாரின் உள்ளே இருக்கிறது.

இணைப்பு நாரும் அடித்தட்டும் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. கொலாஜன் மூலக்கூறு, மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட மூன்று புரிக் கயிறு. இந்த வடிவத்தை 1954-இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அதே கொலாஜன்தான் இப்போது உங்கள் கால் விரலுக்கு அடியிலும் இருக்கிறது.

தசைக்கு இரத்தம் தாராளமாகப் போகிறது, அதனால் தசைக் காயம் சீக்கிரம் ஆறும். நாருக்கு இரத்த ஓட்டம் குறைவு. நார் கிழிந்ததும் முதல் சில நாள் வீக்கமும் சூடும் இருக்கும். அது சேதத்தைத் துப்புரவாக்கும் வேலை. பிறகு சில வாரங்கள், உயிரணுக்கள் புதிய கொலாஜனை அவசர அவசரமாக நெய்கின்றன. இது மெல்லிய வகை, திசை தெரியாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். தேங்காய் நாரைத் திரிக்காமல் அள்ளிப் போட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்திலேயே பலருக்கு வலி நின்றுவிடுகிறது! அதற்குப் பின்தான் பழைய வலுவான வகைக் கொலாஜன் மெல்ல மெல்ல வந்து, இழைகள் இழுவிசையின் திசையில் வரிசையாகின்றன. இது மாதக்கணக்கில் நடக்கும், ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. வலி நின்றதும் ஓடுகிறவர், திரிக்காத நாரை நம்பிக் கிணற்றில் வாளியை இறக்குகிறார்.

அதற்காகக் கட்டிலிலேயே படுத்துக் கிடந்தாலும் நார் வலுவாகாது. எந்தத் திசையில் வரிசைப்பட வேண்டும் என்று இழைகளுக்குச் சொல்வது இழுவிசைதான். இழுவிசையே இல்லாவிட்டால் அந்தச் செய்தி போகாது. பி.பி.எஸ்.எம். இயக்கத்தில் இருப்பவர்கள் 'ரைஸ்' முறையைப் படித்திருப்பீர்கள்: ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல். அந்தப் பெயரை 1978-இல் கொடுத்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே எழுதினார். தாம் சொன்னதைத் தாமே திருத்தியவர் என்பதால் எனக்கு அவர்மேல் மதிப்பு. முதல் ஓரிரு நாள் வலிக்குப் பனிக்கட்டி வைப்பதில் தவறில்லை, துணியில் சுற்றி, சில நிமிடங்கள் மட்டும். குணமாவதற்கு அளந்து கொடுக்கும் சுமை வேண்டும்.

அவளுக்குக் கொடுத்த சுமை

பிசியோ அவளுக்குச் செய்ததை எழுதுகிறேன். உங்கள் காயம் வேறாக இருக்கலாம், ஆகவே உங்களுக்கு இதே அளவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் மூன்று வாரம் இரண்டாம் விரலைச் சற்றுக் கீழ்நோக்கி இழுத்துப் பட்டை ஒட்டினார்கள். தட்டின் கிழிந்த ஓரங்கள் நெருங்கி இருக்க வேண்டும் என்பதே நோக்கம். வளையாத, கெட்டியான அடிப்பாகமுள்ள காலணி. உள்ளே ஒரு சிறு மெத்தை. அது வலிக்கும் மேட்டுக்கு நேர் கீழே அல்ல, அதற்குக் கொஞ்சம் பின்னால். பலர் இதில் தவறுகிறார்கள். வலிக்கும் இடத்திலேயே மெத்தை வைத்தால் அழுத்தம் அங்கேதான் கூடும். பின்னால் வைத்தால் எலும்பு அங்கேயே தாங்கப்பட்டுத் தலைமேல் சுமை குறையும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்கக் கூடாது என்றார்கள். அவளுக்கு அதுதான் மிகக் கடினமாக இருந்தது. பாட்டி வீட்டில் யார் காலணி போட்டு நடக்க விடுவார்கள்? கடைசியில், கழுவி வைத்த புதிய கெட்டிச் செருப்பு ஒன்று வீட்டுக்குள் அனுமதி பெற்றது. மெல்லிய ரப்பர் சிலிப்பர் உதவாது, அது விரலோடு சேர்ந்து வளையும்.

அந்த நாள்களிலும் அவள் சும்மா இருக்கவில்லை. பாதத்தின் நடுப்பகுதியை மிதிகட்டையில் வைத்துச் சைக்கிள் மிதித்தாள். நீந்தினாள், ஆனால் சுவரைக் காலால் உந்தாமல்.

நான்காம் வாரம் அளவில், உட்கார்ந்தபடியே விரலால் தரையை அழுத்திச் சில விநாடி பிடித்திருக்கும் பயிற்சி தொடங்கியது. விரலை மேலே வளைக்காமல் கெண்டைக்காலைத் தளர்த்தும் பயிற்சியும் சேர்ந்தது. அதன் பிறகு உட்கார்ந்து குதிகாலைத் தூக்குவது, நின்று இரண்டு காலால், பிறகு ஒற்றைக் காலால். ஒவ்வொரு படிக்கும் ஒரே விதி: வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடு. இரண்டு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் போய்விட்டால் அதே படியில் தொடரலாம். காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடியில் கல் இருந்தால் ஒரு படி கீழே இறங்கு. அவள் இரண்டு முறை இறங்கினாள்.

பத்தாம் வாரத்தில் சமதளத்தில் ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை. ஒருநாள் விட்டு ஒருநாள். மேடு, வேகம், தாவல், ஸ்பைக் காலணி எல்லாம் கடைசி வரிசையில். எத்தனை வாரம் ஆயிற்று என்பதைவிட, முந்தைய படியை வலியின்றிச் செய்ய முடிந்ததா என்பதைத்தான் பிசியோ ஒவ்வொரு முறையும் கேட்டார். தட்டு முழுவதும் கிழிந்து விரல் மூட்டிலிருந்து விலகத் தொடங்கிவிட்டவர்களுக்கு இது போதாது, அறுவை சிகிச்சை தேவைப்படலாம். சீக்கிரம் சொன்னால் பெரும்பாலும் அந்த நிலை வராது.

சாப்பாட்டில் மாயம் எதுவும் இல்லை. கொலாஜன் சங்கிலிகள் சரியாக முறுக்கிக்கொள்ள வைட்டமின் சி வேண்டும். அதற்கு விலை கூடிய மாத்திரை எதற்கு? பசார் மாலாமில் விற்கும் கொய்யாவில் அது நிறைய இருக்கிறது. முட்டை, மீன், பருப்பு இவற்றோடு தூக்கம். தேர்வு வாரத்தில் தூக்கத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

பயிற்றுநர்களிடம் ஒரு வார்த்தை, அவர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பதால். ஒரு மாணவர் "கல் இருக்கு" என்று சொன்ன அன்று அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள். பயிற்சியை மாற்றுங்கள். நேரம் குறிக்கவோ உடல் மேற்பகுதிப் பயிற்சிக்கோ விடுங்கள், பெயர் அங்கேயே இருக்கட்டும். பெயர் போய்விடும் என்று தெரிந்தால் அடுத்தவர் சொல்லவே மாட்டார். எங்கள் பள்ளியில் இப்போது பயிற்சி தொடங்கும் முன் ஒவ்வொருவரும் இரண்டு காலுக்கும் பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். முதல் வாரம் எல்லாரும் சுழியம் என்றே எழுதினார்கள். மூன்றாம் வாரம் ஒரு பையன் நான்கு என்று எழுதினான். எந்த விரல் என்று கேட்டேன். அவன் காலணியைக் கழற்ற ஆரம்பித்தான்.

என் மாணவி இந்த ஆண்டு படிவம் நான்கு. செவ்வாயும் வியாழனும் திடலில் 20 நிமிடம் தொடர்ந்து ஓடுகிறாள். தோட்டத்து மண்மேட்டுக்கு இன்னும் அனுமதி இல்லை. போன வாரம் தாள் துண்டை அவள் விரலுக்கு அடியில் வைத்து நானே இழுத்தேன். தாள் கிழிந்தது.